அம்மாவின் பங்குனி, என் பங்குனி

பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்குப் பங்குனி ஓய்வு மாதம். கம்பும் சோளமும் தையிலேயே அறுத்துக் களம் சேர்ந்துவிடும். பருத்தியில் கடைசி எடுப்பு மாசியோடு முடியும். கோடை மழை ஒன்று இறங்கி ஏர் பூட்டும் வரை காட்டில் வேலை கிடையாது. ஆண்கள் புதிதாகத் துளிர்த்த வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டுக்கொள்வார்கள். பெண்களுக்கோ வருஷத்தில் வீட்டு வேலை குவிகிற மாதம் அதுதான். விதை எடுக்க வேண்டும், கோழியை அடை வைக்க வேண்டும், குட்டி போட்ட ஆட்டைப் பார்க்க வேண்டும், பழஞ்சேலைகளைப் பிரித்துப் போர்வை தைக்க வேண்டும். என் அம்மா இவை எல்லாவற்றையும் ஒரே பகலில் செய்தாள். இன்று அதே வேலைகளில் சிலவற்றை அரியலூரில் என் வீட்டில் நானும் செய்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995 நவம்பர் 1-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. நான் வாக்கப்பட்டு வந்த அரியலூர் 2001 ஜனவரியில் அதிலிருந்து பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் பிரிந்தது. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் மண் அதது அங்கங்கே இருக்கிறது. பிறந்த வீட்டில் கரிசல், புகுந்த வீட்டில் சுண்ணாம்புக்கல்.

*

அம்மாவின் கொல்லை கிணற்றடியில் இருந்தது. குளித்த தண்ணீர், ஏனம் கழுவிய தண்ணீர், மாடு கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலில் ஓடி, வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்து, கறிவேப்பிலையைத் தாண்டி முருங்கையடியில் போய் நிற்கும். அந்தத் தண்ணீருக்கென்று யாரும் தனியாக இறைத்ததில்லை.

பங்குனியில் அங்கே முதல் வேலை விதை எடுப்பது. நல்ல காயாகப் பார்த்துத் துணி கட்டிப் பறிக்காமல் விட்ட பீர்க்கு, கொடியிலேயே நெற்றாகி, ஆட்டினால் கலகலக்கும். நுனியைக் கிள்ளி விதையை உதறிக்கொள்வாள். கூடு உடம்பு தேய்க்க ஆகும். சுரை விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டிக் குடுக்கையில் போட்டு வாயை அடைப்பாள். பூசணி விதையைச் சாணியில் வைத்துச் சுவரில் தட்டுவாள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பாள். சாம்பல், சாணி, செம்மண் மூன்றும் விதையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டு வந்து முட்டையிட இடம் விடாது. இந்தக் காரணத்தை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா அதை அப்பாயியிடம் கைப்பழக்கமாக வாங்கியிருந்தாள்.

செட்டிகுளம் பக்கத்துச் சொந்தக்காரர்களின் வீடுகளில் இதே நாட்களில் வெங்காயப் பட்டறையைப் பிரித்துப் பார்ப்பார்கள். சின்ன வெங்காயத்தில் வைகாசிக்கு நடுவதற்கான விதைக்காயைத் தரையில் கொட்டினால் அழுகிவிடும். அதனால் கல்லை அடுக்கி, அதன் மேல் கழி பரப்பி, நாலு பக்கமும் தட்டையால் அடைத்து, காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி பட்டறை போடுவார்கள். அதில் ஒரு காய் அழுகினாலும் பக்கத்துக் காய்க்குப் பரவும் என்பதால் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கழிப்பார்கள். முதுகு ஒடிகிற வேலை. அடுத்த வருஷத்து வெள்ளாமை அந்த விரல்களில்தான் இருந்தது.

என் தோட்டம் மொட்டை மாடியில், பைகளில் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த பையும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும் வாங்கித்தான் தொடங்கினேன். கத்தரி, வெண்டை, புதினா, ஒரு பந்தலில் புடலை. விதை பளபளக்கும் உறையில் கடையிலிருந்து வருகிறது. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை தாயைப் போலக் காய்க்காது. ஒவ்வொரு பட்டத்துக்கும் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் இப்போது நாட்டு ரக விதையைத் தேடி வாங்கி, அம்மா செய்தபடியே ஒரு காயைத் துணி கட்டி விடுகிறேன். இது பழசின் மீதுள்ள மயக்கத்தால் செய்வதல்ல. விதை கையில் இருக்கிறவளுக்கு அடுத்த பட்டத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதை அம்மாவின் குடுக்கையில் கண்டவள் நான்.

அரியலூரில் தோட்டம் போடுகிறவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய பாடம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடலாக இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களின் வெட்டுச் சுவரில் கல்லாகிப்போன சிப்பிகள் படுகைபடுகையாகத் தெரியும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் சுருள் சுருளான கடல் உயிர்களின் அச்சு மண்ணிலிருந்து பெயர்ந்து வரும். அந்தச் சிப்பியும் கடல் சேறும் இறுகிய கல்தான் சிமெண்ட் ஆகிறது. 1979-ல் அரசு ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகள் வந்தன. அதே சுண்ணாம்பு ஆழ்குழாய்த் தண்ணீரிலும் கரைந்து வருகிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான், என் கறிவேப்பிலையின் கொழுந்தை மஞ்சளாக்குவதும் அதுதான். மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளுத்துப்போகும்.

இதற்கு அம்மா சொன்ன வைத்தியம் புளித்த மோர். அதன் புளிப்பு வேரடியின் காரத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. கொழுந்து திரும்பப் பச்சை பிடிக்கிறது. அவள் வீட்டில் மோர் மிஞ்சியது, எடுத்து ஊற்றினாள். நான் பாக்கெட் தயிரைக் காசு கொடுத்து வாங்கி, புளிக்கவைத்து ஊற்றுகிறேன். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கொல்லைக்கு வேண்டியதெல்லாம் அவள் கொட்டிலிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வந்தது. எனக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடையிலிருந்து வருகிறது.

*

அம்மாவின் கொட்டிலில் ஒரு பசு, நாலைந்து வெள்ளாடு, கோழிகள். வாசலில் ஒரு நாட்டு நாய். எதுவும் வேலை இல்லாமல் அங்கே இருந்ததில்லை. பசுவின் சாணி எருக்குழிக்கும் அடுப்புக்கும், ஆட்டுப் புழுக்கை கொல்லைக்கும் போகும். கோழி கொல்லைப் பூச்சியைத் தின்னும், நாய் களத்தைக் காக்கும். ஆனாலும் அவற்றோடு அவள் பேசிய பேச்சு வேலைக்காரர்களோடு பேசுகிற பேச்சு அல்ல. "ஏண்டி, தண்ணி காட்டுனா குடிக்க மாட்டியா? யார் மேல ஒனக்குக் கோவம்?" என்று பசுவிடம் கேட்பாள். ஆடு ஈனும் இரவில் அரிக்கேன் விளக்கோடு கூடவே உட்கார்ந்திருப்பாள்.

கோழியை அடை வைப்பதைப் பங்குனி முற்றுமுன் முடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் முட்டை கூமுட்டையாகப் போகும். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வைத்து, இடிக்கு என்று ஒரு இரும்புத் துண்டையும் கரியையும் ஓரத்தில் போடுவாள். இருபத்தொரு நாளில் குஞ்சு. அதற்குப் பிறகுதான் பயம். வெயில் ஏறினால் வெள்ளைக்கழிச்சல் வரும். ஒரு வாரத்தில் தெருவே கோழியில்லாமல் போகும். குஞ்சு பொரித்த கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு அம்மா அன்று சோறு உண்ணாமல் இருந்திருக்கிறாள்.

இன்று ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராக முகாம் போட்டுக் கோழிகளுக்கு அந்த நோய்க்கான ஊசியை இலவசமாகப் போடுகிறது. மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை. அம்மாவுக்கு இவை கிடைத்திருந்தால் அவள் அழுகையில் பாதி குறைந்திருக்கும். அந்தக் காலமே நல்ல காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கவிழ்த்த கூடைதான் நினைவுக்கு வரும்.

நாயைப் பற்றியும் அப்படித்தான். சிறுவயதில் எங்களுக்கு நாய்க்கடியைவிடப் பெரிய பயம் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 இறுதியோடு நிறுத்தியது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டு நாய், தெருவில் யாரோ விட்டுப்போன குட்டி. கட்டிலுக்கு அடியில் படுக்கிறது. அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி அட்டை இருக்கிறது, வருஷம் தவறாமல் போடுகிறோம். அதற்குக் களமும் இல்லை, காவலும் இல்லை. எங்களோடு இருப்பதே அதன் வேலை. அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். வந்த புதிதில் நாய் வீட்டுக்குள் வருவதை அவளுக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. இன்று தட்டில் கடைசிக் கவளம் அதற்குத்தான்.

அம்மாவின் கோழி, கம்பு புடைத்த நொய்யைத் தின்றது. அந்தக் காடுகளில் இன்று பெரும்பாலும் மக்காச்சோளம். அறுத்ததும் மூட்டையாக வெளியேறி, பெரும்பகுதி பண்ணைக் கோழிக்குத் தீவனமாகிறது. முட்டை அட்டையில் அடுக்கி எங்கள் ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது. வாசலில் நடந்து முடிந்த ஒரு காரியம் இப்போது லாரியில் மாவட்டங்களைச் சுற்றி வருகிறது.

கால்நடை இந்த மண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அறிய அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு ராம நவமியை ஒட்டிய திருவிழாவில் போக வேண்டும். அங்கே மூலவர் சிலை இல்லை. கல் கம்பம்தான் சாமி. காணாமல் போன ஒரு பசுவைத் தேடிப் போனவருக்கு அந்தக் கம்பத்தடியில் பசு கிடைத்தது என்பது கோயிலின் கதை. விளைந்த தானியத்தில் முதல் பங்கையும் நேர்ந்துவிட்ட கன்றையும் கொண்டுவந்து விடுவார்கள். பசு பிழைத்தால் கன்றைத் தருகிறேன் என்று அம்மாவும் ஒருமுறை வேண்டிக்கொண்டு, அப்படியே செய்தாள்.

*

மத்தியானச் சோறு முடிந்து வெயில் தணிகிற வரை உள்ள நேரம் போர்வைக்கு. மார்கழிக் குளிருக்குப் போர்த்தியதைத் துவைத்துக் கிழிசல் தைத்து மேலே கட்டிவைப்பதும், அந்த வருஷம் பிள்ளை பெறப்போகிறவளுக்குப் புதிதாக ஒன்று தைப்பதும் பங்குனியில்தான் நடக்கும். உடுத்தி உடுத்தி மெலிந்த நூல் சேலை நாலைந்தைத் திண்ணையில் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, மூலைக்கு மூலை கல் வைப்பாள். நடுவில் அப்பாவின் பழைய வேட்டி இருக்கும். மேலே கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட அண்ணனின் காக்கி டவுசர் துண்டு. சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி ஊசியில் கோத்துக்கொள்வாள். எதிர்ப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா உட்காருவார். இருவரும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். தையல் வரிசை நெருங்க நெருங்க எல்லாச் சேலையும் ஒரே துணியாகிவிடும். நடு வந்து சேர்வதற்குள் ஊர்ச் செய்தி முழுக்கப் பேசி முடித்திருப்பார்கள். போர்வை கிழிந்தால் தூளி விரிப்பாகும், தூளி விரிப்பு கிழிந்தால் கைப்பிடித் துணியாகும், கடைசியில் விளக்குத் திரி.

தலையணைக்கு இலவம்பஞ்சு. பங்குனியில் காய் வெடித்துப் பஞ்சு தெரியத் தொடங்கும்போது பிள்ளைகள் நாங்கள் பொறுக்கி வருவோம். விதை எடுத்து உறையில் திணிப்பது அப்பாயியின் வேலை.

இந்தத் தையல் எங்கள் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. வங்காளத்தில் பழஞ்சேலையை அடுக்கித் தைப்பது காந்தா. மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. கர்நாடகக் காடுகளில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ஒட்டுத் துண்டுகளால் தைக்கும் போர்வைக்கு இன்று நாடு கடந்தும் மதிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்காகத் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஓவியங்களாக ஏறின. 2006-ல் அந்த நாட்டு அஞ்சல் தலைகளிலும் வந்தன. அந்தப் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். "நம்ம மாதிரிதான் இல்லாதப்பட்டவங்க" என்றாள். பிறகு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த நீலக் கலருக்குப் பக்கத்துல செவப்பு வச்சிருக்கா பாரு, கெட்டிக்காரி" என்றாள். தன் போர்வையிலும் நிறம் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் தைப்பது மின்சாரத் தையல் மெஷினில். துணி எடுப்பதுதான் பெரிய பாடு. என் அலமாரியில் இருக்கும் சேலைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். "இது வேர்வையக் குடிக்காது புள்ள. குழந்தைக்கு உறுத்தும். நூல் சேலையாப் பாத்து எடு" என்று அம்மா ஒவ்வொன்றையும் கையில் கசக்கிப் பார்த்துத் தள்ளிவிடுவாள். பருத்தி விளைகிற மண்ணில் பருத்திச் சேலை அரிதாகிவிட்டது. தையல்கடையில் ரவிக்கை வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகளை வாங்கி வருகிறேன். ஜெயங்கொண்டம் பக்கம் கைத்தறி இன்னும் ஓடுகிறது. அங்கே போனால் நூல் துணி கிடைக்கும். அம்மா நிறம் பார்த்து அடுக்கித் தருவாள், நான் தைப்பேன். ஊசி கோக்க அவள் கண்ணுக்கு இப்போது முடிவதில்லை. ஆனால் தையல் கோணினால் விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

அம்மா தைத்த திண்ணையில் இப்போது பகலில் யாரும் உட்காருவதில்லை. 2022-ல் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறந்தது, பிறகு காலணி ஆலை வந்தது. ஆயிரக்கணக்கில் வேலை, பெரும்பாலும் பெண்களுக்கு என்பது அதன் வாக்குறுதி. எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் காலையில் கம்பெனி வண்டி ஏறுகிறார்கள். திண்ணையில் ஊசி பிடித்தவளின் பேத்தி அங்கே மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள், மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம் விழுகிறது. திண்ணை காலியானதற்கு நான் வருந்தவில்லை. அம்மாவின் தையலுக்கு ஒருவரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

*

நான் சொல்ல வந்த காரணம் இதுதான். அம்மாவின் பகலில் கொல்லையும் கொட்டிலும் தையலும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய ஒரே வேலை. சாணி எருவானது, எரு காயானது, காயின் தோல் ஆட்டுக்குப் போனது, சேலை போர்வையாகித் திரியானது. என் பகலில் அவை மூன்று தனித்தனிப் பிரியங்கள். எனக்கு வேண்டாம் என்றால் நாளைக்கே நிறுத்தலாம். அவளுக்கு அந்த உரிமை இருந்ததில்லை. அவள் நிறுத்தியிருந்தால் வீடு நின்றுபோயிருக்கும். அப்படிப்பட்ட உழைப்பை எந்தக் கணக்கும் உழைப்பாக எழுதவில்லை.

இன்றும் நிலைமை முழுக்க மாறவில்லை. நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019-ல் சொன்னது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் கூலியில்லாமல் உழைக்கிறாள், ஆண் 97 நிமிடம். 2024-ல் அது 289-ம் 88-ம் ஆனது. இருவர் நேரமும் குறைந்தது, இடைவெளி அப்படியே நிற்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியது. அதை உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று அழைத்தது பெரிய காரியம். முதல் மாதப் பணம் வந்தபோது அம்மா வயதுள்ள பெண்கள் பலர் தங்கள் பெயரில் வந்த முதல் வருமானம் என்று பாஸ்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததை நான் கண்டேன்.

2011-க்குப் பிறகு தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல் நடக்கப்போகிறது. கணக்கெடுப்பவர் வந்து, வீட்டில் யார் யார் என்ன வேலை என்று கேட்பார். சமையலும் துவைப்பதும் அந்தக் கணக்கில் இன்னும் வேலை ஆகாது. ஆனால் குடும்பத்து நிலத்தில் கூலியில்லாமல் செய்கிற பாடு வேலைதான். பால், முட்டை விற்பதற்காகக் கால்நடை வளர்ப்பதும் வேலைதான். விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. இருந்தும் பருத்தி எடுத்த பெண், வெங்காயம் கழித்த பெண், பால் ஊற்றிய பெண் என்று எத்தனையோ பேர் வேலை செய்யாதவர் என்று பதிவாகிறார்கள். கதவடியில் நின்று பதில் சொன்ன ஆண், "அவங்க வீட்லதான் இருக்காங்க" என்று சொல்லிவிடுவதால்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதைப் படிக்கிற அண்ணன் தம்பிகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கிறவரை வாசலுக்குக் கூப்பிடுங்கள். விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அவர் சொல்லி முடிக்கிற வரை கணக்கெடுப்பவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.